வாணாம்காரர்

எங்கள் இல்லத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொல் ‘வணக்கம்’. அடுத்தது ‘நன்றி’. இவர் ஒருவர்தான் இரண்டையும் விட்டுவிட்டு நேராக ‘வாணாம்’ என்பதைப் பிடித்துக்கொண்டார். எழுத்தில் வேண்டாம் என்று எழுதினாலும் எங்கள் பக்கத்து வாயில் அது வாணாம்தான். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர்களிடமிருந்து தப்பிக்க யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதோடு விட்டிருக்கலாம். டீ கொண்டுபோனால் வாணாம். நாற்காலியை இழுத்துப் போட்டால் வாணாம். இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாரே, ஒன்றை வாங்கிக்கொள்வோம் என்று போனால், வாணாம் வாணாம் என்று சொல்லிக்கொண்டே ஓட்டமும் நடையுமாகத் தாண்டிப் போவார். மூன்றாம் நாளே அவர் பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மறந்தார்கள் என்பதுகூடத் தப்பு, அது யார் வாயிலும் நுழையவே இல்லை. வாணாம்காரர் என்றால் சமையலறை வரைக்கும் தெரியும். நானும் இங்கே அப்படியே சொல்கிறேன்.

நான் அந்த முதியோர் இல்லத்தின் வார்டன். அவலூர்ப்பேட்டை ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது இல்லம். நடத்துவது ஒரு சின்னத் திருச்சபை. தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் விபூதி பூசுகிறவர்கள். நானும் மலையடியில் இருக்கிற அடி அண்ணாமலை ஊர்க்காரிதான். இதனால் யாருக்கும் எந்தச் சங்கடமும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் வந்து பாட்டுப் பாடுவார், கேட்போம். தீபத்தன்று நாங்கள் மொட்டை மாடியில் ஏறி மலையைக் கும்பிடுவோம், அவர் படிக்கட்டில் நின்று யாரும் தடுக்கி விழாமல் பார்த்துக்கொள்வார். வருஷத்துக்கு ஒரு முறை வெளிநாட்டுச் சபை எதிலிருந்தாவது ஊழியம் செய்ய ஒரு குழு வரும். கல்யாணத்துக்கு முன்னால் ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தபோது நான் பொறுக்கிய ஆங்கிலம் அப்போதுதான் தூசி தட்டப்படும்.

அந்த வருஷம் நார்வேயிலிருந்து வந்தார்கள். எல்லாம் சின்னஞ்சிறுசுகள். வந்த மறுநாளே பெயின்ட் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் இவர் மட்டும் தலை முழுக்க வெளுத்து, எந்த வாசலைக் கண்டாலும் குனிந்துகொள்கிற உயரத்தோடு நின்றார். ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் அவருக்கும் கடன் வாங்கியதுதான், எனக்கும் கடன் வாங்கியதுதான், அதனால் எங்கள் பேச்சு நன்றாகவே ஓடியது. முதல் நாள் கூடத்தில் எல்லார் எதிரிலும் நின்று ஏழு விரலைக் காட்டினார், பிறகு இரண்டு விரலைக் காட்டினார். எழுபத்திரண்டு வயதாம். இந்த வயதிலும் உழைக்க வந்திருக்கிறேன் என்ற பெருமை. ஆனால் அதைச் சொல்லித்தான் அவர் தனக்குத்தானே ஆப்பு வைத்துக்கொண்டார்.

வேலையைக் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் ஆண்கள் பக்கம் போய் ஒவ்வொருவராகச் சவரம் செய்வார். நுரையைப் பூசிவிட்டு, கண்ணாடியைக் காட்டி, மீசை இருக்கட்டுமா என்று சைகையில் கேட்பார். மூக்குக் கண்ணாடிகளை வாங்கித் துடைப்பார். படுக்கையை நனைத்துவிட்டு வெட்கத்தில் சுருண்டு கிடப்பவரிடம் போய், தன் நாட்டுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே விரிப்பை மாற்றிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அங்கே எதுவுமே நடக்காதது போலத்தான் இருக்கும். அவர் வந்த பிறகு காலையில் கூடத்தில் சிரிப்புச் சத்தம் ஜாஸ்தியானது. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

சிக்கல் சாப்பாட்டில் தொடங்கியது. விருந்தாளி சாப்பிடாமல் வீட்டுக்காரர்கள் தட்டில் கை வைப்பது நம் பழக்கம் இல்லை. ஊழியக்காரன் கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது அவருடைய சபைப் பழக்கம். முதல் நாள் மத்தியானம் எல்லாருக்கும் அவரே பரிமாறிவிட்டுச் சுவரோரம் கை கட்டி நின்றார். எங்கள் ஆட்கள் சோற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர் உண்ணுங்கள் என்று கை காட்டினார், இவர்கள் நீங்கள் உண்ணுங்கள் என்று கை காட்டினார்கள். சாம்பார் ஆடை கட்டிவிட்டது. கடைசியில் நான்தான் கத்தி, எல்லாரும் ஒரே நேரத்தில் வாயில் வைக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தேன். அன்றிலிருந்து தினமும், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் விடுவதுபோல, நான் கை தட்டினால்தான் சாப்பாடு.

அடுத்தது குப்பம்மா பாட்டியின் கடலை உருண்டை. பாட்டியைப் பார்க்க யாரும் வருவதில்லை. எப்போதாவது கையில் கிடைக்கிற தின்பண்டத்தை இடுப்புச் சுருக்கில் முடிந்து வைத்துக்கொள்வாள். சமையல்காரம்மா கொடுத்த கடலை உருண்டையை அப்படி வைத்திருந்து, ஒருநாள் இவர் கையில் திணித்தாள். அது எத்தனை பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார், அதுவரை நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அதை உடைத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்துவிட்டு, வெறுங்கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பாட்டி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தாலே போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். அவர் என்னிடம் வந்து, அவளிடம் எதுவுமே இல்லையே, அவளிடமிருந்து நான் எப்படி வாங்குவது என்று கேட்டார். எதுவுமே இல்லாதவள்தானே கொடுத்தாள், அதனால்தான் வாங்க வேண்டும் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. எந்நேரமும் கொடுக்கிற பக்கத்திலேயே நிற்பேன் என்பதும் ஒருவிதக் கர்வம்தான் என்று எனக்குப் பட்டது. அவ்வளவு நல்ல மனிதரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இனி அந்த எழுபத்திரண்டுக்கு வருகிறேன். சவரம், விரிப்பு எல்லாம் சரி, கால் நகம் வெட்டக் கத்தரியோடு உட்கார்ந்தபோது ஆண்கள் அத்தனை பேரும் காலை இழுத்துக்கொண்டார்கள். தன்னைவிட வயதில் மூத்தவர் தன் காலைத் தொடுவதா, எந்த ஜென்மத்துப் பாவத்தையோ தலையில் கட்டிக்கொள்வதா என்று ஒரே களேபரம். எங்கள் இல்லத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்கள் வயது சரியாகத் தெரியாது. ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் திடீரென்று தெரிந்துவிட்டது. ஒருவர் விடாமல் எழுபதுக்குக் கீழே இறங்கினார்கள். போன மாதம் வரை எண்பது என்று சொல்லி அதிகப்படி பால் கேட்டவர் அறுபத்தைந்து என்றார். குப்பம்மா பாட்டி மட்டும் போர்வைக்குள்ளிருந்தே, தனக்குத் தொண்ணூறு என்று அறிவித்தாள்.

இந்த நிலைமையில் குழுவின் தலைவி, ஒல்லியாக ஒரு பெண், ஈஸ்டருக்கு முன்னால் வருகிற பெரிய வியாழனன்று சாயங்காலம் நாங்கள் எல்லாப் பெரியவர்களின் கால்களையும் கழுவப் போகிறோம் என்று சொன்னாள். அவர்கள் சபையில் அது வழக்கம். குரு தன் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் செய்வது. நான் மொழிபெயர்த்து முடித்ததும் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. அன்றிலிருந்தே ஆளாளுக்கு அந்த வியாழக்கிழமைக்கு வயிற்று வலியைத் தயார் செய்ய ஆரம்பித்தார்கள்.

அவர்களில் ஏழுமலை மாமாவுக்கு மட்டும் நிஜமாகவே காலில் பிரச்சினை இருந்தது. ஊர் முறையில் எனக்கு மாமா. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் சுக்குக் காபி விற்றவர். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவர், கல்யாணத்தன்று பௌர்ணமி வந்ததால் தாலி கட்டிவிட்டுச் சுற்றப் போனவர் என்று ஊரில் சொல்வார்கள். சர்க்கரை நோய். குதிகாலில் புண். பெரிய ஆஸ்பத்திரியில், தினமும் கட்டு மாற்ற வேண்டும், அடியெடுத்து நடக்கவே கூடாது, மீறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார்கள். மாமா யாரையும் புண்ணைப் பார்க்க விடவில்லை. மஞ்சளும் காபித்தூளும் அப்பி, கிழிந்த வேட்டியால் கட்டி மூடி வைத்திருந்தார். பங்குனிப் பௌர்ணமிக்கு எப்படியாவது சுவரேறியாவது போய்விடுவது என்று அவர் கணக்குப் போட்டிருந்தது எனக்குத் தெரியும். வாசல் சாவியை நான் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தேன்.

வாணாம்காரர் மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டார். கட்டிலருகே வந்து நின்றார், மோந்தார், முகம் மாறிவிட்டது. மருந்துப் பெட்டியை எடுத்துவந்து தரையில் மண்டியிட்டார். மாமா காலை மடக்கி வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார்.

“அவரு எனக்குப் பெரியவரு. என் காலை அவரு தொடக் கூடாதுன்னு சொல்லும்மா.”

அவருக்கு அறுபதுதான் ஆகிறது என்று நான் ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். மாமா ஏழு விரலைக் காட்டி, பிறகு இரண்டு விரலைக் காட்டி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வாணாம்காரர் விடுகிறவர் இல்லை. அந்த மனிதருக்கு என்னதான் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். மலை சுற்ற வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றேன். பௌர்ணமிக் கூட்டத்தில் சக்கர நாற்காலியைத் தள்ள எங்களில் யாருக்கும் தைரியம் வந்ததில்லை என்பதையும் சொன்னேன். அப்படியானால் நான் தள்ளுகிறேன், பௌர்ணமி வரைக்கும் தினமும் எனக்குக் காலைக் கொடுக்கட்டும் என்றார். தலைவிப் பெண் பதறினாள். இன்னொரு மதத்தின் சடங்கில் சேர்ந்ததாக நம் நாட்டுச் சபையில் பேசுவார்களே என்றாள். நான் மலையைச் சுற்றப் போகவில்லை, இவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவ்வளவுதான் என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

மாமா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். பிறகு இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, நாற்காலி தள்ளுகிறவரும் செருப்பில்லாமல்தான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வலமே ஆகாது. இரண்டாவது, தினமும் கட்டு மாற்றுவதற்கு முன்னால் மாமா அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். முதல் நிபந்தனைக்கு வாணாம்காரர் உடனே தலையாட்டினார். இரண்டாவதைக் கேட்டதும், மனிதன் காலில் மனிதன் விழுவதா, வாணாம், வாணாம், வாணாம் என்று அறை முழுக்க நடந்தார். மாமா வேட்டியை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். புண் நாற்றம் அறையில் நின்றது. கடைசியில் இவர்தான் இறங்கி வந்தார்.

அதற்குப் பிறகு எங்களுக்குத் தினமும் காலையில் ஒரு வேடிக்கை கிடைத்தது. மாமா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குனிந்து அவர் பாதத்தைத் தொடுவார். தொட்டதும் வாணாம்காரர் தணலை மிதித்ததுபோல ஒரு குதி குதிப்பார். உடனே மண்டியிட்டு, அந்தக் கூச்சத்தையெல்லாம் புண்ணிடம் காட்டாமல், மெல்ல மெல்லக் கட்டைப் பிரிப்பார். காபித்தூளைக் கழுவி எடுக்கவே பல நாள் ஆனது. மாமா வலியில் பல்லைக் கடிக்கும்போது அவர் தன் பாட்டைச் சற்று உரக்கப் பாடுவார். வாரம் திரும்பியபோது நாற்றம் கம்மியாகிவிட்டது. புண்ணின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பேரப்பிள்ளைக்குப் பல் முளைத்ததைக் காட்டுகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அந்த வருஷம் பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் பெரிய வியாழன். பௌர்ணமியன்று, இரவுக் கூட்டம் சேருவதற்கு முன்னால், விடிகிற நேரத்தில் ராஜகோபுரத்துக்கு எதிரிலிருந்து புறப்பட்டோம். நாற்காலியில் புது வேட்டியோடு ஏழுமலை மாமா, பின்னால் வெறுங்காலோடு வாணாம்காரர், தண்ணீர்ப் பாட்டிலோடு நான். மாமா ஒவ்வொரு லிங்கத்தின் வாசலிலும் நிறுத்தச் சொல்லி அரோகரா போட்டார். அவர் கும்பிட்டு முடிக்கும் வரை இவர் கைப்பிடியைப் பிடித்தபடி தலை குனிந்து நிற்பார், தன் சாமியிடம் ஏதோ பேசிக்கொள்வார். மாமா விபூதித் தட்டை அவர் பக்கம் நீட்டினார். வாணாம். சரி, அது உங்க வழி என்று மாமாவும் தட்டை எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வாணாமில் யாருக்கும் வருத்தம் இல்லை.

அடி அண்ணாமலையில் எங்கள் சனம் ரோட்டுக்கே வந்துவிட்டது. வெள்ளைக்காரர் தள்ள மாமா ராஜாபோல வருவதைப் பார்த்து ஒரே கும்மாளம். இளநீர் சீவிக்கொண்டு வந்தார்கள், வாணாம். என் சித்தி மகன் நான் கொஞ்ச தூரம் தள்ளுகிறேன் என்று வந்தான், வாணாம். நான் கேட்டேன், வாணாம். குபேர லிங்கம் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. ஈசானிய லிங்கத்திலிருந்து ஊருக்குள் வருகிற தார் ரோட்டில் நானே விரலை மடக்கி மடக்கித்தான் நடந்தேன். இங்கே பிறந்து வளர்ந்த காலுக்கே அந்தக் கதி. அவர் பாட்டை நிறுத்தியதை நான் கவனித்தேன், காரணத்தைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. கோபுரத்தைக் கண்டதும் மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. கால் பிழைத்தது, வலமும் கிடைத்தது. அந்தக் கால் இன்றைக்கும் முழுசாக இருக்கிறது. இப்போது அதை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து என்னை அதிகாரம் செய்கிறார்.

மறுநாள் வியாழக்கிழமை. கூடத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் பேசின், பக்கத்தில் மடித்து வைத்த துண்டு. போதகர் அன்றைக்கு உரிய பகுதியை வாசித்தார். வருஷா வருஷம் கேட்கிறேன், அதில் குரு கழுவ வந்ததும் என் காலை நீங்கள் தொடுவதா என்று இழுத்துக்கொள்கிற சீடரை எனக்கு ரொம்பப் பிடிக்கும், எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பேசுவார். வாசித்து முடித்து, குழுவில் மற்ற எல்லாரும் மண்டியிட்டார்கள். எங்கள் ஆட்கள் பெஞ்சுக்கு அடியில் காலை ஒளித்துக்கொண்டார்கள். தலைவிப் பெண்ணுக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

வாணாம்காரர் கடைசியாக வந்தார். சாக்ஸும் ஷூவும் போட்டு, கண்ணாடிச் சில்லுமேல் நடப்பதுபோல வந்தார். ஆயுசு முழுக்கப் பாதையோரம் உட்கார்ந்து மலை சுற்றுகிறவர்கள் காலையே பார்த்தவர் ஏழுமலை மாமா, அந்த நடைக்குக் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. தடியை ஊன்றி, கட்டுப் போட்ட காலைத் தரையில் அழுத்தாமல், சரிந்து சரிந்து போய் ஒரு பேசின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எதிரில் இருந்த நாற்காலியைத் தட்டினார்.

“வந்து குந்துங்க. ஷூவைக் கயட்டுங்க.”

வாணாம் என்றார் அவர்.

“பெரியவரு சின்னவன் காலைத் தொட்டா தப்பு. சின்னவன் பெரியவரு காலைத் தொட்டா அது மொறை. நானும் இத்தினி நாளா வாணாம் வாணாம்னு சொன்னேனே, நீங்க வுட்டீங்களா?”

நான் மொழிபெயர்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார், கதவைக்கூடப் பார்த்தார். இதற்குமேல் மொழிபெயர்க்க என்னால் முடியாது, பேசாமல் உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்.

சாக்ஸைக் கழற்றியதும் தலைவிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கால் பூராவும் கொப்புளம், பாதி உடைந்து சிவந்திருந்தது. மாமா அவருடைய வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டார். கொப்புளத்தைச் சுற்றி விரலால் மண்ணை எடுத்தார், தோலை இழுக்காமல் துண்டை ஒற்றி ஒற்றி எடுத்தார். தன் புண்ணுக்கு அவர் செய்ததைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த கை அது. வாணாம்காரர் நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்திருந்தார். முதலில் அவர் முகம் கோணியது, பிறகு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியாதபடி ஆனது. இத்தனை வருஷமாக இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் என்னைக் கழுவுகிறவனாகவே நினைத்துக்கொண்டேன், காலை இழுத்துக்கொள்கிறவன்தான் நான் என்று தோன்றவே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வலது காலைத் துடைத்துக் கீழே வைத்துவிட்டு மாமா இடுப்பை நிமிர்த்தினார். எல்லாரும் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அவராகவே இடது காலைத் தூக்கி மாமா மடியில் வைத்தார்.

கூடத்தில் அப்படியொரு சிரிப்பு எழுந்தது. அதற்கப்புறம் பெஞ்சுக்கடியிலிருந்து ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. குழுவில் இருந்தவர்கள் எல்லாம் பேரப்பிள்ளை வயசு, தாராளமாகத் தொடலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. குப்பம்மா பாட்டி மட்டும் தனக்கு வாணாம்காரர்தான் கழுவ வேண்டும், தொண்ணூறு வயசுக்காரிக்கு அவர் பொடியன்தானே என்று அடம்பிடித்தாள். அவரும் கொப்புளக் காலோடு மண்டியிட்டுக் கழுவிவிட்டார். முடிந்ததும் பாட்டி இடுப்புச் சுருக்கை அவிழ்த்து ஒரு கடலை உருண்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் அதை வாங்கி, யாருக்கும் பிட்டுக் கொடுக்காமல், அங்கேயே உட்கார்ந்து முழுசாகத் தின்றார்.